சொந்த மைதானத்தில் ஏன் ஜெயிக்கிறார்கள்? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த ஃபுட்பால்?

காலால் உதைக்கும் பந்தாட்டம் இல்லை. ஹெல்மெட், தோள் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால். அதிலும் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் இல்லை, பல்கலைக்கழக அணிகள் சனிக்கிழமைகளில் ஆடுவது. கல்லூரிப் பசங்க ஆட்டம்தானே என்று நினைத்துவிட வேண்டாம். மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் மட்டும் 1,07,601 இருக்கைகள். டெக்சாஸ் ஏ அண்ட் எம், எல்எஸ்யு, டென்னசி, பென் ஸ்டேட், ஒஹையோ ஸ்டேட் என்று ஒரு லட்சத்தைத் தாண்டும் மைதானங்கள் இன்னும் சில இருக்கின்றன. என்எஃப்எல்லில் வழக்கமான இருக்கைக் கணக்குப்படி ஒரு லட்சம் பேர் கொள்ளும் ஸ்டேடியம் ஒன்றுகூட இல்லை.

சொந்த மைதான சாதகம் நிஜமா, சும்மா பேச்சா?

நிஜம்தான். ஆனால் ரசிகர்கள் நினைக்கிற அளவு பெரிதில்லை. பந்தயம் கட்டுகிறவர்களின் பழைய கணக்கு என்னவென்றால், சமபலமுள்ள இரண்டு அணிகள் மோதினால் உள்ளூர் அணிக்கு 3 புள்ளி கூடுதலாகப் போட்டுக்கொள். இப்போது அதை இரண்டு, இரண்டரை என்று குறைத்துக்கொண்டு வருகிறார்கள். பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பும் ஒரு ஃபீல்டு கோலுக்கே 3 புள்ளி, அதனால் சொந்த மைதானத்தின் விலை ஒரு நல்ல உதைக்கும் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். நெருக்கமான ஆட்டத்தில் அந்த ஒரு உதைதான் முடிவைத் தீர்மானிக்கும் என்பது வேறு விஷயம்.

ஆனால் உள்ளூர் அணி பத்துக்கு ஆறு ஆட்டத்துக்கு மேலே ஜெயிக்கிறதே?

அந்தக் கணக்கை அப்படியே நம்பினால் ஏமாந்துபோவீர்கள். கல்லூரி ஃபுட்பாலில் பெரிய பள்ளிகள் (பல்கலைக்கழகத்தை அங்கே பள்ளி என்றுதான் சொல்வார்கள்) சின்னப் பள்ளிகளைக் காசு கொடுத்துக் கூப்பிடும். "எங்கள் ஊருக்கு வா, இத்தனை லட்சம் டாலர் தருகிறோம், நாங்கள் உன் ஊருக்கு வர மாட்டோம்" என்பதுதான் ஒப்பந்தம். சின்னப் பள்ளிக்கு விளையாட்டுத் துறையை ஓட்டப் பணம் வேண்டும், பெரிய பள்ளிக்கு ஒரு சுலப வெற்றியும் டிக்கெட் வசூலும் வேண்டும். செப்டம்பர் மாதத்தில் நீங்கள் பார்க்கிற 56க்கு 3, 49க்கு 7 எல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். அங்கே ஜெயித்தது மைதானம் இல்லை, பட்ஜெட். அதே ஆட்டத்தை நிலாவில் வைத்தாலும் முடிவு மாறாது.

சில சமயம் கணக்கு தப்பும். 2007 செப்டம்பர் 1 அன்று மிச்சிகன் 4 லட்சம் டாலர் கொடுத்து ஆப்பலாச்சியன் ஸ்டேட் அணியைக் கூப்பிட்டது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொந்த ரசிகர்கள் முன்னால் 34-32 என்று தோற்றது. 2024 செப்டம்பரில் நோட்டர் டேம் 14 லட்சம் டாலர் கொடுத்து நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 அடி வாங்கியது. காசும் போய் மானமும் போயிற்று என்பது இதுதான்.

இதேபோல "இத்தனை வருஷம் சொந்த மண்ணில் தோற்றதே இல்லை" என்ற பெருமையையும் கொஞ்சம் தட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மயாமி பல்கலைக்கழகம் 1985 முதல் 1994 வரை ஆரஞ்சு பவுல் மைதானத்தில் தொடர்ந்து 58 ஆட்டம் ஜெயித்தது, கடைசியில் வாஷிங்டன் வந்து 38-20 என்று முடித்து வைத்தது. அந்த 58இல் மைதானத்தின் பங்கு எவ்வளவு? அந்த இடைவெளியில் 1987, 1989, 1991 என மூன்று தேசியப் பட்டம் வென்ற அணி அது. எங்கே ஆடச் சொன்னாலும் ஜெயித்திருக்கும்.

சத்தம் போட்டால் ஒரு அணி எப்படித் தோற்கும்? சத்தம் பந்தைப் பிடுங்குமா?

பிடுங்காது. ஆனால் அரை நொடியைப் பிடுங்கும். முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒவ்வொரு ஆட்ட நகர்வும் ஸ்னாப் என்ற செயலோடு தொடங்குகிறது. நடுவில் குனிந்து நிற்கும் சென்டர் தன் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் இருக்கும் குவார்ட்டர்பேக்கிடம் தருவார். எப்போது தருவார் என்பது அஃபென்ஸுக்கு, அதாவது பந்து வைத்திருக்கும் அணிக்கு, மட்டும்தான் தெரியும். குவார்ட்டர்பேக் குரல் கொடுப்பார், அந்தக் குரலின் எத்தனையாவது சத்தத்தில் பந்து நகரும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள். ஆக அஃபென்ஸின் ஐந்து தடுப்பாளர்களும் ஒரே நொடியில் கிளம்புவார்கள், எதிரே இருப்பவன் பந்து நகர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கிளம்ப முடியும். 130, 140 கிலோ ஆட்கள் மோதும் இடத்தில் இந்தச் சின்ன முந்துதல்தான் அவர்களுடைய மொத்த மூலதனம்.

இப்போது எண்பதாயிரம் பேர் ஒன்றாகக் கத்துகிறார்கள். மூன்று அடி தள்ளி நிற்பவனுக்குக்கூடக் குவார்ட்டர்பேக் குரல் கேட்காது. என்ன செய்வது? குரலை விட்டுவிட்டுச் சைகைக்குப் போவார்கள். சென்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கார்டு கால்களுக்கிடையே பின்னால் திரும்பிப் பார்ப்பார். குவார்ட்டர்பேக் காலைத் தூக்கியோ கையை அசைத்தோ தயார் என்பார். கார்டு சென்டரைத் தட்டுவார், சென்டர் தலையைத் தூக்கி இறக்குவார், ஒரு கணம் கழித்துப் பந்து நகரும். வேலை செய்யும், நல்ல அணிகள் இதை வாரம் முழுக்க ஸ்பீக்கரில் இரைச்சலைப் போட்டுப் பயிற்சி செய்துவிட்டுத்தான் வருகின்றன. பிரச்சினை என்னவென்றால், இந்தத் தட்டலையும் தலையசைப்பையும் எதிரணியும் பார்க்கிறது. நாலைந்து முறை பார்த்தால் தாளம் பிடிபட்டுவிடும். வரிசையின் ஓரத்தில் நிற்கும் டாக்கிளுக்கு இன்னும் கஷ்டம்: எதிரே பாயப்போகிறவனைப் பார்ப்பதா, பக்கவாட்டில் பந்தைப் பார்ப்பதா? பந்தைப் பார்த்தால் ஒரு கணம் தாமதம், குவார்ட்டர்பேக் முதுகில் அடி. அவசரப்பட்டு முன்னாலேயே அசைந்தால் ஃபால்ஸ் ஸ்டார்ட், 5 யார்டு பின்னால் போ.

அந்த 5 யார்டுதான் கூட்டத்தின் கணக்கில் வரவு. பத்து யார்டு முன்னேற நாலு முயற்சிதான் தருவார்கள். மூன்றாவது முயற்சியில் 3 யார்டு தேவைப்பட்ட இடத்தில் 8 தேவை என்றாகிவிட்டால் முழு ஆட்டத் திட்டமே மாறிவிடுகிறது. இது போக, 40 நொடிக்குள் ஆட்டத்தைத் தொடங்கியாக வேண்டும். எதிரணி நிற்கும் வியூகத்தைப் பார்த்துக் கடைசி நேரத்தில் திட்டத்தை மாற்றலாம் என்றால் அதைப் பத்துப் பேருக்கும் கத்திச் சொல்ல வழியில்லை. சரி, டைம் அவுட் எடுத்துவிடலாம் என்பார்கள். அப்படிச் செலவழித்த டைம் அவுட் ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிஷத்தில் இல்லாமல் போகும்போதுதான் வலிக்கும்.

கவனியுங்கள், உள்ளூர் அணி பந்து வைத்திருக்கும்போது அதே கூட்டம் வாயை மூடிக்கொள்கிறது. விவரம் தெரிந்த ரசிகர்கள் தாங்களாகவே அடங்கிவிடுவார்கள், சில இடங்களில் ஸ்கோர்போர்டே "அமைதி" என்று கேட்கும். எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோகும் டச்டவுனுக்குப் பிறகு போடும் கூச்சல் கொண்டாட்டம், அவ்வளவுதான். 1988 அக்டோபர் 8 அன்று எல்எஸ்யு மைதானத்தில் ஆபர்னுக்கு எதிராக, கடைசி இரண்டு நிமிஷத்துக்குள் டாமி ஹாட்சன் எறிந்து எடி ஃபுல்லர் பிடித்த டச்டவுனுக்கு எழுந்த ஆரவாரம் கல்லூரி வளாகத்தில் இருந்த நிலநடுக்கமானியிலேயே பதிவானது. 7-6 என்று ஜெயித்தார்கள், இன்றும் அதைப் பூகம்ப ஆட்டம் என்றுதான் சொல்கிறார்கள். அருமையான கதை, ஆனால் அந்தச் சத்தம் ஜெயிக்க உதவியது என்று சொல்ல முடியாது, அதற்குள் பந்து பிடிபட்டாயிற்று.

இப்போதுதான் ஹெல்மெட்டில் ரேடியோ வந்துவிட்டதே?

2024 முதல் மேல்மட்டக் கல்லூரி ஆட்டங்களில் கோச் ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள் நேரடியாகப் பேசலாம். ஆனால் அந்த 40 நொடிக் கடிகாரத்தில் 15 நொடி மிச்சம் இருக்கும்போது இணைப்பு துண்டிக்கப்படும், தவிர பேச்சு கோச்சிடமிருந்து குவார்ட்டர்பேக் வரைதான். குவார்ட்டர்பேக்கிடமிருந்து டாக்கிளுக்கு ரேடியோ கிடையாது. சத்தம் கெடுப்பது அந்தக் கடைசிப் பத்து அடியைத்தான்.

பெரிய ஸ்டேடியம் என்றால் அதிகச் சத்தமா?

இல்லவே இல்லை. மிச்சிகன் ஸ்டேடியம் அகலமான தட்டு மாதிரி, இருக்கைகள் மெல்லச் சாய்ந்து போகும், சத்தம் வானத்துக்குப் போய்விடும். ஒரு லட்சம் பேர் இருந்தும் அமைதியான இடம் என்று பல வருஷம் கிண்டல் செய்தார்கள். 2010இல் இரண்டு பக்கமும் உயரமான சொகுசு இருக்கைக் கட்டடங்கள் கட்டியபிறகுதான் சத்தம் கொஞ்சம் உள்ளே நிற்கிறது. ஓரிகானின் ஆட்சன் ஸ்டேடியமோ 54,000 பேர்தான் கொள்ளும், ஆனால் ஆடுகளம் தரைமட்டத்துக்குக் கீழே குழியில் இருக்கிறது, பார்வையாளர்கள் கோட்டுக்கு ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், அங்கே போய் ஆடியவர்கள் காதைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். வாஷிங்டனின் ஹஸ்கி ஸ்டேடியத்தில் இருக்கைகள் மேல் உலோகக் கூரை, சத்தத்தை அப்படியே மைதானத்துக்குத் திருப்பி அனுப்பும். ஆக, தலை எண்ணிக்கையைவிடச் சரிவும் கூரையும் நெருக்கமும்தான் கணக்கு. மாணவர்களை எந்த மூலையில் உட்கார வைக்கிறார்கள் என்பதும் முக்கியம். காசு கொடுத்து நல்ல இருக்கை வாங்கிய பெரியவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள், பிள்ளைகள்தான் நாலு மணி நேரம் நின்றபடியே கத்துவார்கள்.

மணி, ஊதல் எல்லாம் கொண்டுபோகலாமா?

பொதுவாகக் கூடாது. விதிவிலக்கு மிசிசிப்பி ஸ்டேட். அங்கே மாட்டு மணி ஒரு மதம் மாதிரி. தங்களுக்குள் ஆடும் பல்கலைக்கழகங்களின் குழுவான, அவர்கள் இருக்கும் எஸ்இசி கூட்டமைப்பு 1974இலேயே செயற்கைச் சத்தக் கருவிகளைத் தடை செய்தது, ஆனால் யார் கேட்டார்கள்? சட்டைக்குள், பைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தார்கள். 2010இல் கூட்டமைப்பே இறங்கி வந்து, சில நேரங்களில் அடிக்கலாம், எதிரணி ஸ்னாப்புக்குத் தயாராகும்போது மட்டும் கூடாது, மீறினால் பள்ளிக்கு அபராதம் என்று சமரசம் செய்துகொண்டது. எதிரணி ஸ்னாப்புக்குத் தயாராகும்போது கூடாது என்ற அந்த ஒரு நிபந்தனையைப் பார்த்தாலே, எந்த நேரத்துச் சத்தம் ஆட்டத்தைக் கெடுக்கிறது என்று விதி எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்பது புரியும்.

"பன்னிரண்டாவது ஆள்" என்கிறார்களே, அது யார்?

மைதானத்தில் ஒரு அணிக்குப் பதினொரு பேர், பன்னிரண்டாவது கூட்டம். டெக்சாஸ் ஏ அண்ட் எம் இந்தப் பெயரை 1990இல் வணிகக் குறியாகவே பதிவு செய்து வைத்திருக்கிறது. கதை 1922 ஜனவரி 2 அன்று நடந்தது. சென்டர் என்ற பெயருள்ள கல்லூரியுடன் ஆட்டம், வீரர்கள் வரிசையாகக் காயமாகிக்கொண்டிருக்க, கூடைப்பந்துக்குப் போய்விட்ட ஈ. கிங் கில் என்ற மாணவரை மேலேயிருந்து கீழே கூப்பிட்டு உடை மாற்றச் சொன்னார்கள். ஆட்டம் முடியும்வரை ஓரமாகத் தயாராக நின்றார். ஏ அண்ட் எம் 22-14 என்று ஜெயித்தது. அவர் கடைசிவரை களத்தில் இறங்கவே இல்லை, எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே அதுதான். அந்த நினைவில் இன்றும் அந்த மாணவர்கள் ஆட்டம் முழுக்க நின்றுகொண்டேதான் இருக்கிறார்கள்.

ரெஃப்ரிகள் உள்ளூர் அணிக்குச் சாதகமாக நடக்கிறார்களா?

வேண்டுமென்றே இல்லை, ஆனால் அவர்களுக்கும் காது இருக்கிறதே. 2002இல் பிரிட்டனில் ஒரு ஆய்வு வந்தது. கால்பந்து நடுவர்கள் 40 பேருக்கு ஒரே ஆட்டத்தின் 47 மோதல்களை வீடியோவில் காட்டினார்கள், சிலருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, சிலருக்குச் சத்தமே இல்லாமல். சத்தத்தோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராக 15.5 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். அது வேறு ஆட்டம் என்றாலும் மனித மனம் ஒன்றுதான். பொருளாதாரப் பேராசிரியர் டோபியாஸ் மாஸ்கோவிட்ஸ் போன்றவர்கள் சொந்த மைதான சாதகத்தின் பெரும்பங்கு நடுவர்களிடம்தான் இருக்கிறது என்றே வாதிடுகிறார்கள். அவ்வளவு தூரம் நான் போக மாட்டேன். பந்தை யார் பிடித்தார்கள் என்பதில் தடுமாறலாம், ஃபால்ஸ் ஸ்டார்ட்டில் தடுமாற ஒன்றுமில்லை.

கல்லூரி ஃபுட்பாலில் கூடுதலாக ஒரு சிக்கல்: நடுவர்களைக் கூட்டமைப்புகள்தான் அனுப்புகின்றன. வேறு கூட்டமைப்பு அணி வந்தால் பொதுவாக வருகிற அணியின் பக்கத்து நடுவர்கள் வருவது வழக்கம். பசிபிக் கரையின் பேக்-10 மட்டும் எங்கள் மைதானத்தில் எங்கள் ஆட்கள்தான் என்று பிடிவாதமாக இருந்தது. 2006 செப்டம்பரில் ஓக்லஹோமா ஓரிகானுக்கு வந்தது. கடைசி நேரத்தில் தாங்களே திரும்பப் பிடிப்பதற்காக ஓரிகான் குறுகலாக உதைத்த பந்தை, 10 யார்டு போவதற்கு முன்பே ஓரிகான் வீரர் தொட்டுவிட்டார். அது செல்லாது. ரீப்ளே பார்த்தும் செல்லும் என்றார்கள். ஓரிகான் 34-33 என்று ஜெயித்தது. அந்த நடுவர் குழுவை பேக்-10ஏ ஒரு ஆட்டத்துக்கு இடைநீக்கம் செய்தது, பிறகு அந்தப் பிடிவாத விதியையும் கைவிட்டது. தவறு நேர்மையானதாகவே இருந்திருக்கலாம், ஆனால் தவறு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை ஓக்லஹோமாக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், இன்னும் ஆறவில்லை.

பயணக் களைப்பு?

முன்பு பெரிய விஷயமாக இல்லை, அணிகள் பக்கத்து மாநிலங்களோடுதான் ஆடின. 2024இல் மேற்குக் கரைப் பல்கலைக்கழகங்களான யுஎஸ்சி, யுசிஎல்ஏ, ஓரிகான், வாஷிங்டன் நான்கும் பிக் டென் கூட்டமைப்பில் சேர்ந்தபிறகு ஒரு கரையிலிருந்து மறு கரைக்கே போய் வருகிறார்கள். கிழக்கில் பகல் 12 மணி ஆட்டம் என்றால் கலிஃபோர்னியா உடம்புக்குக் காலை 9 மணி. அந்த முதல் சீசனில் யுஎஸ்சி மிச்சிகன், மினசோட்டா, மேரிலாந்து, வாஷிங்டன் நான்கு ஊரிலும் தோற்றது, நான்குமே ஏழு புள்ளிக்குள். பயணம்தான் காரணம் என்று அடித்துச் சொல்லலாமே என்றால், அதே வருஷம் அதே மேற்குக் கரையிலிருந்து கிளம்பிய ஓரிகான் பர்டியூ, மிச்சிகன், விஸ்கான்சின் எல்லா இடத்திலும் ஜெயித்துத் தோல்வியே இல்லாமல் பிக் டென் பட்டம் வாங்கியது. நல்ல அணிக்கு ஜெட் லேக் கிடையாது போலிருக்கிறது!

உயரம், வெயில்?

இவை உண்மையான காரணிகள், ஆனால் சில ஊர்களுக்கு மட்டும். வயோமிங் பல்கலைக்கழகத்தின் லாரமி மைதானம் கடல் மட்டத்திலிருந்து 7,220 அடி உயரத்தில் இருக்கிறது. வருகிற அணிக்குக் கடைசிக் கால் மணி நேரத்தில் மூச்சு வாங்கும், அதைவிட, மூச்சு வாங்கும் என்ற நினைப்பு முதலிலேயே வந்துவிடும். மயாமி இப்போது ஆடும் ஹார்ட் ராக் ஸ்டேடியத்தில் கூரையின் நிழல் உள்ளூர் அணி பெஞ்சில் விழும், விருந்தாளிகள் பெஞ்சில் வெயில். தற்செயல் என்று நினைக்க வேண்டாம்.

மைதானத்தையே சதி செய்து மாற்றலாமா?

கிரிக்கெட் மாதிரி ஆடுகளத்தைச் சுழலுக்கு ஏற்பத் தயாரிக்கும் வேலை இங்கே இல்லை, அளவு எல்லா இடத்திலும் ஒன்று. ஆனாலும் முயற்சி நடக்கும். 2005இல் வேகமான யுஎஸ்சி வந்தபோது நோட்டர் டேம் புல்லை வெட்டாமல் வளர்த்துவிட்டது என்று இன்றும் பேசுகிறார்கள். யுஎஸ்சி எப்படியோ 34-31 என்று ஜெயித்துவிட்டுப் போயிற்று. ஐயோவாவில் மனோதத்துவம் படித்த கோச் ஹேடன் ஃப்ரை விருந்தாளி அணியின் உடை மாற்றும் அறைக்கு இளஞ்சிவப்பு வண்ணம் அடித்தார், பின்னாளில் புதுப்பித்தபோது கழிப்பறைத் தொட்டிகளைக்கூட அதே நிறத்தில் வாங்கினார்கள். எல்எஸ்யுவில் உயிருள்ள புலியின் கூண்டை எதிரணி வரும் வழியில் நிறுத்தி வைப்பார்கள், இப்போது புலியை மைதானத்துக்குக் கொண்டுவருவதில்லை.

பாய்ஸி ஸ்டேட்டின் நீலத் தரை 1986இல் வந்தது. 2001 முதல் 2011 வரை வழக்கமான சீசன் ஆட்டங்களில் அங்கே தொடர்ந்து 65 வெற்றி, டிசியு வந்து 36-35 என்று உடைக்கும்வரை. நீலச் சட்டையும் நீலக் காற்சட்டையும் போட்டால் தரையோடு கலந்துவிடுகிறார்கள் என்று புகார் செய்து, புதிதாகச் சேர்ந்த மவுண்டன் வெஸ்ட் கூட்டமைப்பு 2011இல் சொந்த மைதானத்துக் கூட்டமைப்பு ஆட்டங்களில் அந்த உடைக்கே தடை போட்டது. என் கணிப்பில் கண் கட்டு வித்தை எதுவும் இல்லை, அவர்கள் நன்றாக ஆடினார்கள். இந்தப் பத்தியில் சொன்னதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு ஃபால்ஸ் ஸ்டார்ட்டுக்கு ஈடாகுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

கோவிட் வருஷத்தில் கூட்டமே இல்லையே, அப்போது என்ன ஆயிற்று?

கல்லூரியில் கணக்குப் போடுவது கடினம். பிக் டென், பேக்-12 (பழைய பேக்-10தான்) கதவை மூடிக்கொண்டன, எஸ்இசி கொஞ்சம் பேரை விட்டது, அட்டவணையும் தாறுமாறு. என்எஃப்எல்லில் தெளிவாகத் தெரிந்தது: 2020இல் உள்ளூர் அணிகள் 127 வெற்றி, 128 தோல்வி, ஒரு சமநிலை. அந்த லீக்கின் வரலாற்றில் உள்ளூர் அணிகள் மொத்தமாகப் பின்தங்கியது அதுதான் முதல் முறை. ஆனால் அதற்கு முந்தைய வருஷமே சாதகம் குறைந்துகொண்டுதான் வந்தது, அதனால் எல்லாவற்றையும் காலி இருக்கைகள் தலையில் போட வேண்டாம்.

ராத்திரி ஆட்டம் இன்னும் பயங்கரம் என்கிறார்களே?

ஆமாம், அதற்கு மர்மம் ஒன்றும் இல்லை. காலையிலிருந்து வண்டி நிறுத்துமிடத்தில் கறி சுட்டுக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் சாயங்காலம் உள்ளே வருகிறார்கள்.

நடுநிலை மைதானத்தில் ஆடினால்?

டெக்சாஸும் ஓக்லஹோமாவும் ஒவ்வொரு அக்டோபரிலும் டல்லஸில் ஆடுகின்றன. காட்டன் பவுல் மைதானம் 50 யார்டு கோட்டில் சரிபாதியாகப் பிரிந்து ஒரு பக்கம் ஆரஞ்சு, மறுபக்கம் சிவப்பு. அணி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பாதியின் சத்தத்தில் மாட்டும். மற்றபடி, தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் 2024இல் 12 அணிகளாக விரிந்தபோது முதல் சுற்றைக் கல்லூரி மைதானங்களிலேயே வைத்தார்கள். அந்த டிசம்பரில் நோட்டர் டேம், பென் ஸ்டேட், டெக்சாஸ், ஒஹையோ ஸ்டேட் என நான்கு உள்ளூர் அணிகளும் ஜெயித்தன, ஒன்றுகூட நெருக்கமில்லை. பார்த்தீர்களா மைதானத்தின் மகிமை என்றார்கள். தரவரிசையில் மேலே இருந்ததால்தான் அந்த நான்குக்கும் சொந்த மைதானமே கிடைத்தது என்பதை யாரும் பேசவில்லை.

டிவியில் பார்க்கும்போது இதையெல்லாம் எப்படிக் கவனிப்பது?

சத்தத்தை நம்பாதீர்கள், ஒளிபரப்பு மைக் அதை அடக்கிவிடும். பந்தையும் விட்டுவிடுங்கள். விருந்தாளி அணி மூன்றாவது முயற்சிக்கு வரிசை கட்டும்போது சென்டருக்குப் பக்கத்து ஆள் கால்களுக்கிடையே திரும்பிப் பார்க்கிறாரா என்று பாருங்கள். பார்த்தால் குரல் செத்துவிட்டது என்று அர்த்தம். பிறகு சென்டரின் தலையசைப்புக்கும் பந்து நகர்வதற்கும் இடையே எவ்வளவு நேரம் என்று மனதுக்குள் எண்ணுங்கள், நாலு முறை ஒரே எண்ணிக்கை வந்தால் எதிரே இருப்பவனும் எண்ணிக்கொண்டிருக்கிறான். ஐந்தாவது முறை ஓரத்து டாக்கிள் கையை லேசாக அசைத்துவிட்டு, நடுவர் தவறுக்கு எறியும் மஞ்சள் துணி விழுவதற்கு முன்பே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் நடக்கத் தொடங்குவார்.